கணினிக்கு மொழியும் நாடும் அறிவித்தல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதர் ஒருவர் இலக்கணம் பேசுதலை விடுத்துக் கணினியைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். ஆயினும் யாம் எடுத்துக்கொண்ட பொருள் மொழியைச் சார்ந்ததே. நம் சங்கத்து உறுப்பினர் பதிவேடும், பிள்ளைகளின் உதவித்தொகைப் பட்டியலும் இக்காலத்திற் கணினியிலேயே எழுதப்பெறுகின்றன. ஊர்க்கிளைகளினின்று வரும் பட்டியல்களை ஒன்று சேர்க்குங்கால், பிறந்த நாள்கள் சில மாறியும், பெயர்கள் சில படிக்கவொண்ணாமலும் வருகின்றன. எழுதியோர் கவனமற்றவரல்லர். எழுதிய கருவிக்கு நம் மொழியும் நாடும் அறிவிக்கப்படாமையே காரணம் எனத் துணிந்து கூறுவோம்.

‘எம் கணினியைத் தமிழுக்கு மாற்றிவிட்டோம்’ என அன்பர் பலர் உரைக்கின்றனர். எதனை மாற்றினீர் என வினவின், விடை தெளிவாக வருவதில்லை. திரையில் தோன்றும் கட்டளைச் சொற்கள் எம்மொழியின என்பது ஒன்று. விசைப்பலகையைத் தட்டுங்கால் எழுவது எம்மொழி எழுத்து என்பது வேறொன்று. நாளையும் நேரத்தையும் எண்ணையும் எந்நாட்டு வழக்கப்படி எழுதுவது என்பது மற்றுமொன்று. இம்மூன்றும் தனித்தனியே நிற்பன. கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டே தமிழில் எழுதலாம். தமிழில் எழுதிக்கொண்டே நாட்டை அமெரிக்காவாக வைத்திருத்தலும் கூடும். இப்பின்னையதே நம்மவர் பலரின் கணினிகளில் யாம் கண்ட நிலை.

விண்டோஸ் 11 என்னும் இயக்க மென்பொருளில், செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் என்னும் பகுதியுட் புகுந்து, லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்பதைத் தொட்டால், இம்மூன்றும் ஒரே பக்கத்திற் காணப்படும். மேலே திரைமொழியும் மொழிப்பட்டியலும், கீழே நாடும் எழுதுமுறையும் இருக்கும். பெரும்பாலோர் மேற்பகுதியோடு நின்றுவிடுகின்றனர். கீழே ரீஜனல் ஃபார்மட் என இருப்பதையே முதலிற் பார்த்தல் வேண்டும்.

ஏனெனிற் கூறுதும். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவோம். அமெரிக்க நாட்டார் மாதத்தை முன்னெழுதுவர். 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள் பிறந்த பிள்ளைக்குக் கிளைச் செயலாளர் 05/04/2012 என எக்ஸெல் பட்டியலில் எழுதுகின்றார் என்று கொள்வோம். நாடு அமெரிக்கா என வைக்கப்பட்டிருப்பின், கணினி அதனை மே மாதம் 4-ஆம் நாள் என்று கொள்ளும். கொண்டதைக் கூறவும் கூறாது. 30-4-2012க்குட் பிறந்திருத்தல் வேண்டும் என்று ஓர் உதவித்தொகைக்கு விதியிருப்பின், தகுதியுடைய அப்பிள்ளை தகுதியற்றதாய்விடும்.

பின்னர் நாட்டை இந்தியா என மாற்றினால் இப்பிழை நீங்குமோ எனின், நீங்காது. இதனை நன்கு உளங்கொள்ளுதல் வேண்டும். எக்ஸெல் நாளை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளை 1 எனக் கொண்டு எண்ணிய எண்ணாகவே வைக்கின்றது. ஏப்ரல் 5 ஆயின் 41004. மே 4 ஆயின் 41033. தட்டிய அப்பொழுதே 41033 எனப் பதிந்துவிட்டமையின், நாட்டை மாற்றிய பின் அது 04-05-2012 என நம் முறைப்படி அழகாகத் தோன்றுமேயன்றி உண்மை நாள் திரும்பி வாராது. அழகாகத் தோன்றுவதால் ஐயமும் எழாது!

13/04/2012 என்பது போன்றவற்றில் இவ்விடர் வேறு வகையாகத் தோன்றும். பதின்மூன்றாம் மாதம் இன்மையால், கணினி அதனை நாளாகக் கொள்ளாது வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்புறம் ஒதுக்கிவைக்கும். ஆதலின், ஒரே பட்டியலில் சில நாள்கள் இடமும் சில வலமுமாக நிற்கக் காணின், வலப்புறத்து நிற்பனவற்றையே முதலில் ஐயுறுக. ஓர் ஆண்டில் இங்ஙனம் மயங்கத்தக்க நாள்கள் எத்துணையெனக் கணக்கிட்டோம். மாதந்தோறும் முதற் பன்னிரண்டு நாள்களாக 144. அவற்றுள் 1-1, 2-2 என இரண்டெண்ணும் ஒத்த 12 நாள்களை நீக்க, எஞ்சுவன 132. ஆண்டின் மூன்றிலொரு பங்கிற்கும் மேல்!

கூகுள் ஷீட்ஸ் என்பதில் எழுதுவோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். அது கணினியின் நாட்டை நோக்காது, ஒவ்வொரு கோப்பிற்கும் தனியே நாடு வைத்துக்கொள்ளும்.

எண்ணின் செய்தியும் இத்தகையதே. 12,34,567 என நாம் இலட்ச முறையிற் புள்ளியிடுவதை அமெரிக்கர் 1,234,567 என இடுவர். இது கண்ணுக்கே இடர், பொருள் மாறாது. ஜெர்மனி நாட்டிலோ, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் பின்னத்தைப் பிரிக்கக் காற்புள்ளியும் இடுவர். அவர்க்கு 1.500 என்பது ஆயிரத்தைந்நூறு, நமக்கு ஒன்றரை. அயல்நாட்டிலிருந்து நன்கொடைக் கணக்கனுப்பும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

இனி எழுதுதல். மொழிப்பட்டியலில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகையும் உடன்வரும். தமிழ்நாட்டரசு 1999-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையையே மாணவர்க்கு யாம் கற்பிக்கின்றோம். மெய்யும் உயிருமாகத் தட்ட உயிர்மெய் பிறத்தலின், அது நம் இலக்கணத்தோடு இயைவது. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கே அழுத்த, ஆங்கிலமும் தமிழும் மாறிமாறி வரும்.

பெயர்கள் படிக்கவொண்ணாமல் வருவதற்கு நாட்டமைப்புக் காரணமன்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்களின் குறியெண்கள் மேல் தமிழ் வடிவங்கள் ஏற்றப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில், ஏறிய வடிவம் இறங்கி ஆங்கிலமே தோன்றும். யூனிகோட் முறையிலோ தமிழுக்கென்று தனியே 128 இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன; விண்டோஸ் 2000 முதலாக அம்முறையில் தமிழ் எழுத இயலும்; தமிழ்நாட்டரசும் 2010-ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை மாற்றி மென்பொருள் கொண்டு ஒருமுறை மாற்றிவிட்டாற் போதும். எத்தனை அமைப்பை மாற்றினும், அம்மாற்றமின்றி அவை திருந்தா.

யூனிகோடிலும் பண்டிதர்க்கு ஒரு குறை தோன்றும். அதன் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தையும், றகரம் ரகரத்தையும் அடுத்து நிற்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ றகர னகரங்கள் இறுதியிலுள்ளன. குறியெண்ணை மட்டும் நோக்கும் மென்பொருள், பன்னீரைப் பழனிக்கு முன் நிறுத்திவிடும். தமிழ் வரிசை அறிந்த மென்பொருள் முறையாகவே அடுக்கும். பதிவேட்டை அகரவரிசைப்படுத்துவோர், பழனி, பன்னீர் என்னும் இரு பெயரையும் இட்டுச் சோதித்துப் பார்க்கலாம்.

திரைமொழியை இறுதிக்கண் வைத்தோம், அதுவே எளியது. தமிழைப் பதிவிறக்கி, ஒருமுறை வெளியேறி மீளப் புகுந்தால் மாறிவிடும். சிங்கிள் லாங்குவேஜ் என்னும் பதிப்பை வாங்கியோர்க்கு இவ்வசதி இல்லை. அவர் அதுபற்றி வருந்த வேண்டுவதில்லை. தமிழில் எழுதுதற்கும் நாட்டை இந்தியா என வைத்தற்கும் அப்பதிப்பிலும் தடையில்லை.

கிளைச் செயலாளர்களை யாம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. இவ்வாண்டுப் பட்டியலைத் தொடங்குமுன், கணினியின் நாட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்க. பிறந்த நாளை நாள், மாதம், ஆண்டு என மூன்று தனிக் கட்டங்களில் இட்டு, மாதத்தை ஏப்ரல், மே என எழுத்தாலேயே எழுதி அனுப்புக. முன்னரே அனுப்பியோர், ஒவ்வொரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடும் மீண்டும் ஒருமுறை ஒத்துப்பார்த்தல் வேண்டும்.