ஆள்வோரும் நூலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பொருட்பாலில் இறைமாட்சி கூறிய வள்ளுவர், அடுத்த அதிகாரமாக வைத்தது படையுமன்று, பொருளுமன்று; கல்வி. பின்னர்க் கல்லாமை, அதன் பின் கேள்வி. ஆள்வோன் படிக்கவும் வேண்டும், பிறர் சொல்லக் கேட்கவும் வேண்டும்.

1904-இல் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறியபோது, நண்பர் போலக் வழித்துணையாகக் கொடுத்தது ரஸ்கின் எழுதிய சிறு நூல். எடுத்தவர் கீழே வைக்கவில்லை, அன்றிரவு உறக்கமுமில்லை. அவ்வாண்டே பீனிக்ஸ் பண்ணை எழுந்தது. எல்லார்க்கும் ஒரே ஊதியம் என்பது அங்கே கொள்கை. (ரயிலில் படிப்போரை இனியேனும் யாரும் நகையாட வேண்டாம்!)

தென்னாப்பிரிக்கா தொலைவு. நம் அல்சூர் ஏரிக்கரைக்கு வருவோம். பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தார் 1991-இல் அங்கு நிறுவிய வள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகத் திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அது காவிரிப் பூசல் மூண்ட காலம். "உள்ளே இருப்பவர் யார்?" என்று அன்று கேட்ட குழந்தை, சிலை திறக்குமுன் கல்லூரியே முடித்திருக்கும்.

குறளோவியம் தீட்டியவர், குறளுக்கு உரை கண்டவர் கலைஞர் கருணாநிதி. முதலமைச்சராக அவர் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் குமரிமுனையில் திறந்து வைத்த சிலையின் உயரம் 133 அடி; அதிகாரத்திற்கு ஓர் அடி. பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் அளவு. படித்த நூல் கல்லிலே கணக்காயிற்று. ஆனால் சொந்த மண்ணில் எவ்வளவு உயரமும் எழுப்பலாம். பெங்களூரில் வேண்டியது உயரமன்று, அண்டை வீட்டாரின் இசைவு.

அது எவ்வாறு கிட்டியது? கன்னட நாட்டிலும் ஓர் அறப்புலவர் உண்டு. வள்ளுவர் ஈரடியில் சொன்னார். சர்வக்ஞர் மூவடியில் சொன்னார். 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள், கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பா உடனிருக்க, கலைஞர் இங்கே வள்ளுவரைத் திறந்து வைத்தார். நான்காம் நாள் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார்.

இது அரசியல் கணக்கு என்பாரும் உளர். இருக்கலாம், மறுக்கவில்லை. கணக்கறிந்தவர்கள் அந்தப் பதினெட்டு ஆண்டுகளிலும் இருந்தார்களே! ஒரு நூலில் ஊறியவருக்கே பிறர் நூலின் அருமையும் புலப்படும் என்பது என் எண்ணம்.

அவர்கள் சிலையை மாற்றிக்கொண்டார்கள். நாம் சர்வக்ஞரின் பாடல் ஒன்றையாவது அறிவோமா? இந்தக் காலனியில் பலரும் அறியோம். பள்ளியில் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகள் அறிவார்கள். இன்றிரவு உணவுக்குப் பின் ஒரு திரிபதியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பொருளையும் அவர்களே சொல்லட்டும்.