லாக்கப்பில் கேட்கும் ஓசை

நான் வளர்ந்த ஊரில் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு டீக்கடை. 1984-ல் 'விதி' படம் வந்த பிறகு, அந்தக் கடை டேப் ரெக்கார்டரில் பாட்டு ஓய்ந்து, நாள் முழுக்க அந்தப் படத்தின் கோர்ட் வசனம்தான் ஓடியது. ஏமாற்றப்பட்ட பெண் ஒருத்தி நியாயம் கேட்டு வழக்குப் போடுகிறாள். அவளுக்காகச் சுஜாதா வாதாடுகிறார், எதிர்த்தரப்பில் ஜெய்சங்கர். படம் பார்க்காதவர்கள்கூட டீ கிளாஸும் கையுமாக நின்று குறுக்கு விசாரணையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். திரை கிடையாது, நடிகர் முகம் கிடையாது. வெறும் குரல்களை வைத்துக்கொண்டு அந்தக் கடைவாசலில் தினமும் ஒரு நீதிமன்றம் கூடியது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். போலீஸ் படமோ கோர்ட் படமோ, கண்ணைவிடக் காதுக்கு அதிக வேலை கொடுப்பேன். நம் படங்களும் தொடர்களும் காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் எப்படிக் காட்டுகின்றன என்பதை இன்றும் காதால்தான் எடைபோடப் போகிறேன். ஒரு படம் யார் பக்கம் நிற்கிறது என்பதை அதன் வசனம் மறைத்துவிடலாம். லாக்கப்பில் அடி விழும்போது அந்தப் படம் நம்மை எதைக் கேட்க வைக்கிறது என்பதில் அது வெளிப்பட்டுவிடும்.

முதலில் வானொலிக்கு நெருக்கமான ஒரு படம். 1954-ல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம். 1943-ல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நேரம். துப்பாக்கி வெடிக்கிறது, ராஜன் என்கிற ரேடியோ எஞ்சினியர் செத்துக் கிடக்கிறார். அந்த வேடத்தில் சிவாஜி கணேசன்; கதாநாயகனை நாம் முதலில் பார்ப்பதே பிணமாகத்தான். விசாரிக்க வரும் சி.ஐ.டி. அதிகாரி ஜாவர் சீதாராமன். படத்தை எழுதியவரும் அவரே. பக்கத்து வீட்டுக்காரர், உடன்பிறந்தவர், அவர் மனைவி, ராஜனின் மனைவி என்று ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுக்கிறார். ஒவ்வொருவர் வாயிலும் ராஜன் வேறு ஆளாக இருக்கிறார். அத்தனையையும் காது கொடுத்துக் கேட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பார்த்துத்தான் அதிகாரி உண்மைக்குப் போய்ச் சேருகிறார். கொலையாளி யார் என்று நான் சொல்லப் போவதில்லை; பார்க்காதவர்கள் அவசியம் பாருங்கள். போலீஸ் வேலையின் பெரும்பகுதி கேட்பதுதான் என்று 70 ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு ஒரு படம் சொல்லியிருக்கிறது.

அந்தப் பாதையில் தமிழ்ப் படம் அதிக தூரம் போகவில்லை. 1974-ல் 'தங்கப்பதக்கம்'. எஸ்.பி. சௌத்ரியாக சிவாஜி. மகேந்திரன் எழுதி மேடையில் நாடகமாக நடந்து, பிறகு படமானது. பெற்ற மகனே குற்றவாளியானாலும் விடமாட்டேன் என்கிற தகப்பன் அவர். சட்டம் தன்னைவிட, தன் ரத்தத்தைவிடப் பெரியது என்று அந்த அதிகாரி நம்பினார். 2003-ல் 'சாமி', 'காக்க காக்க', 2010-ல் 'சிங்கம்' என்று வரும்போது கணக்கு தலைகீழாகிவிட்டது. அதிகாரி சட்டத்தைவிடப் பெரியவராகிவிட்டார்.

இந்தப் படங்களைக் காதால் கேட்டுப் பாருங்கள். ஜீப் கதவு திறக்கிறது, பூட்ஸ் தரையில் பதிகிறது, டிரம்ஸ் எழும்புகிறது. அறை விழும்போது இடி இடிக்கிறது. அடி வாங்கியவன் பறந்து போய் விழுகிறான். அத்தோடு அவன் குரல் முடிந்தது. முனகல் இல்லை, தண்ணீர் கேட்கும் சத்தம் இல்லை. இசையும் வேகமும் சேர்ந்து வலியைத் துடைத்துவிடுவதால், நம் கை தன்னால் தட்டுகிறது. ஹாரிஸ் ஜெயராஜும் தேவிஸ்ரீ பிரசாத்தும் தந்த இசையின் வலிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'சாமி', 'சிங்கம்' படங்களின் இயக்குநர் ஹரியின் வேகமும் சாதாரணமானதல்ல. கைதட்டுகிறவர்களையும் நான் குறை சொல்லத் தயாரில்லை. மனுவோடு போய் ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்து திரும்பியவர், பங்காளி வழக்கில் வாய்தா மேல் வாய்தா வாங்கி நரைத்துப்போனவர், இரண்டரை மணி நேரத்தில் ஒரு நியாயம் கிடைத்தால் தட்டத்தானே செய்வார்?

ஆனால் அந்த அடிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1854-லேயே சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் மக்களை அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று அது பதிவு செய்தது. போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க முடியாது என்கிற விதி, 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவாக இடம்பெற்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது 23-வது பிரிவாக நீடிக்கிறது. சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் தகவலை ஏற்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு. ஆக, சினிமாவில் ஹீரோ நாலு தட்டுத் தட்டி வரவழைக்கிற வாக்குமூலம், நிஜத்தில் கோர்ட் வாசற்படியைத் தாண்டாது. அடித்தால் வாயிலிருந்து வருவது வலி நிற்பதற்கான வார்த்தை. அது உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. சட்டம் 150 ஆண்டுகளுக்கு முன் புரிந்துகொண்ட இந்த விஷயத்தைத் திரையில் புரியவைத்த படம் 'விசாரணை'.

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983-ல் குண்டூர் போலீஸ் காவலில் தான் பட்டதை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதை வெற்றிமாறன் படமாக்கினார். 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2016 பிப்ரவரியில் இங்கே வெளியானது. சிறந்த தமிழ்ப் படம், சமுத்திரக்கனிக்குத் துணை நடிகர், கிஷோருக்குப் படத்தொகுப்பு என்று 3 தேசிய விருதுகள். பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள் நால்வரைக் குண்டூரில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். என்ன குற்றம் என்றே அவர்களுக்குத் தெரியாது. சுற்றிலும் கேட்கும் தெலுங்கு புரியாது. அவர்கள் காதாகவே நம் காதை மாற்றியதுதான் வெற்றிமாறனின் பெரிய சாதனை. அங்கே அடி ஒரு மந்தமான, வறண்ட சத்தமாக விழுகிறது. அதற்குப் பிறகு ஒரு மூச்சு. நம் கைதட்டலுக்கு அங்கே இடமே கிடையாது. கோர்ட்டில் தற்செயலாக வந்திருந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் அவர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் நீதிபதியின் காதில் அவர்கள் குரல் ஏறுகிறது. மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் போயிருந்தால் என்ற எண்ணமே, லாக்கப் காட்சியைவிட என்னை அதிகம் உலுக்கியது.

அடுத்து, 2021-ல் வந்த த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்'. 1993-ல் கடலூர் மாவட்டத்தில் நடந்த காவல் மரணத்தில், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய வழக்கிலிருந்து பிறந்த கதை. ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டின் வீட்டுக் கூடங்களுக்குக் கொண்டு சேர்த்த படம். தொலைபேசியில் கேட்ட குரல் யாருடையது என்பதே இதில் ஒரு முக்கியமான முடிச்சு. சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வருகிறவர்களிடம் சாதி கேட்டு, சிலரை மட்டும் வேறு வழக்குகளுக்காகப் போலீஸ் அள்ளிப் போகும் தொடக்கக் காட்சியில், அடி விழாமலே நமக்கு வலிக்கிறது. எனக்குக் குறையாகப் படுவதும் உண்டு. நிஜ வழக்கில் பாதிக்கப்பட்டது குறவர் குடும்பம். படம் அதை இருளர் குடும்பமாக மாற்றியது. சித்திரவதைக் காட்சிகளும் தேவைக்கு மேல் நீள்கின்றன. ஆனாலும் 'சிங்கம்' படத்தில் துரைசிங்கமாகக் கையை ஓங்கிய அதே சூர்யா, இங்கே சட்டப் புத்தகத்தோடு நின்று கேள்வி கேட்டது ஒரு நல்ல திருப்பம்.

அந்தத் தொடக்கக் காட்சியின் வேர் பழையது. 1871-ல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் கிராமங்களில் கைரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். பிறந்த சாதிக்காகவே மனிதர்களின் விரலை மையில் அழுத்தினார்கள். 1952-ல் சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. 2017-ல் வந்த எச். வினோத்தின் 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்தை இந்த இடத்தில் நினைக்கிறேன். கணினி வசதி அதிகம் இல்லாத காலத்தில், ஒரு கைரேகையைக் கையில் வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலையும் போலீஸ் உழைப்பை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய தமிழ்ப் படம் வேறில்லை. அதே படம் ஒரு கும்பலின் கொடுமையை ஒரு சமூகத்தின் பிறப்போடு முடிச்சுப் போடும்போது, கைரேகையின் அந்த இன்னொரு கதையை மறந்துவிடுகிறது.

நீதிமன்றத்துக்கு வருவோம். 1952-ல் 'பராசக்தி'யில் கலைஞர் கருணாநிதியின் வசனத்தைச் சிவாஜி கூண்டில் நின்று பேசியதிலிருந்து, நம் சினிமா கோர்ட் ஒரு மேடையாகிவிட்டது. அந்தக் காட்சி சமூகத்தையே கூண்டில் ஏற்ற வந்தது. அதன் நியாயம் வேறு. அதைப் பார்த்து வந்த பிற படங்களில் முழக்கம் மட்டும் தங்கிவிட்டது. நீதிபதி மரச் சுத்தியலால் தட்டுகிற ஓசை நம் நீதிமன்றங்களில் கிடையவே கிடையாது. நிஜத்தில் கேட்பது, டவாலி மூன்று முறை பெயர் கூப்பிடும் குரல். டைப் அடிக்கும் ஓசை. சாட்சி சொன்னதைப் பதிவுக்காக நீதிபதி தணிந்த குரலில் திருப்பிச் சொல்வது. முடிவில் அடுத்த வாய்தா தேதி. இந்த மெல்லிய ஓசைகளுக்குள்தான் ஒரு குடும்பத்தின் நிலமும் ஒரு மனிதனின் உயிரும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஸ்டேஷனுக்கும் அப்படி ஒரு மெல்லிய ஓசை உண்டு, பேனா ஓடும் ஓசை. 2021-ல் பிராங்க்ளின் ஜேக்கப் இயக்கிய 'ரைட்டர்' படத்தில் சமுத்திரக்கனி ஸ்டேஷன் ரைட்டர். போலீஸ்காரர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று கேட்கிற பாவத்துக்காக அலைக்கழிக்கப்படுகிறவர். ஒரு மனிதனை உள்ளே தள்ள லத்தியைவிட அவர் கைப் பேனாவுக்கு அதிக பலம் உண்டு என்பதையும், அந்தப் பேனாவை மேலிருந்து யார் அசைக்கிறார்கள் என்பதையும் அந்தப் படம் காட்டியது. 2022-ல் வந்த 'சுழல்' தொடரும் வேறொரு வகையில் என்னைக் கவர்ந்தது. காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடும் 8 பகுதிகள். நம் சந்தேகம் ஆள் மாற்றி ஆளாகத் தாவுகிறது. ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னோமே என்று கூசுகிறோம். தொடர் என்கிற நீண்ட வடிவத்தால்தான் அந்தக் கூச்சத்தைத் தர முடியும்.

இதெல்லாம் கதைதானே, இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் பிடிபட்ட 4 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸார் மீது பூத் தூவினார்கள். தியேட்டரில் கேட்ட கைதட்டல் சாலையில் கேட்டது. உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழு, போலீஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல என்று 2022-ல் சொன்னபோது பூத் தூவியவர்கள் கலைந்து போயிருந்தார்கள். நம் 'சிங்கம்' இந்திக்குப் போய் 'சிங்கம்' என்ற பெயரிலேயே 2011-ல் வெளியானது. இத்தகைய படங்கள் ஆபத்தான செய்தியைத் தருகின்றன என்று, மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் 2023-ல் அந்தப் படத்தைச் சுட்டியே பேசினார்.

அதற்கு முன்பே நம் ஊரில் ஒரு குரல் எழுந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். போலீஸைப் பெருமைப்படுத்தி 5 படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று இயக்குநர் ஹரி அறிக்கை விட்டார். தன் வெற்றியை நோக்கி ஒரு கலைஞர் அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனம் வேண்டும்.

அந்த இரவு அந்த ஸ்டேஷனில் ஒரு பெண் தலைமைக் காவலர் பணியில் இருந்தார். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், தான் கண்டதை அவர் சொன்னார். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நிற்க, பயந்துகொண்டேதான் சொன்னார். ஆனாலும் சொன்னார். ஜீப் கதவு திறக்கவில்லை, டிரம்ஸ் எழவில்லை. நடுங்கிய ஒரு குரலும், அதை எழுதிக்கொண்ட ஒரு பேனாவும் மட்டும்தான். நான் இதுவரை கேள்விப்பட்ட போலீஸ் கதைகளிலேயே மிகப் பெரிய வீரம் அதுதான். அந்தக் குரலின் நடுக்கத்தை அப்படியே கேட்கவைக்கிற ஒரு தமிழ்ப் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.