வண்டி ஓட்டத் தெரிந்தவர்

(மயிலாப்பூரில் நடந்த படத்திறப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். குடும்பத்தாரின் விருப்பப்படி தோழரின் பெயர் அச்சில் தவிர்க்கப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசினவங்க ரெண்டு விதமாப் பேசினாங்க. ஒருத்தர், தோழர் புல்லட்டில் ஊர் சுற்றிய காலத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். இன்னொருத்தர், கல்யாணத்துக்குப் பிறகு தோழர் இயக்கத்தை விட்டு ஒதுங்கி வெறும் சம்சாரி ஆகிவிட்டார் என்று வருத்தப்பட்டார். அந்த ரெண்டாவது பேச்சுக்குத்தான் நான் பதில் சொல்லணும். அதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம்.

1901இல் சிறுவன் பீம்ராவ் அப்பாவைப் பார்க்கப் போகிறார். மசூர் ஸ்டேஷனில் அண்ணனோடு இறங்குகிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவன் ரெட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டான். அதுவும் எப்படி? வண்டியைப் பிள்ளைகளே ஓட்டணும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். 1929. அதே பீம்ராவ் இப்போது பாரிஸ்டர், அரசு நியமித்த குழுவில் உறுப்பினர். சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள். நம்மவர் ஒருவர் ஓட்டுகிறார். அவருக்குப் பழக்கமில்லை. பாலத்தில் சக்கரம் சிக்கி, பாபாசாகேப் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. இதெல்லாம் அவரே எழுதி வைத்திருப்பது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் நம்ம கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டினதுக்காகத்தான் வெட்டினாங்க என்று அந்தக் குடும்பம் சொன்னது. மூன்று பேர் கைதானார்கள்.

இந்த வரிசையில் வைத்துத்தான் நம்ம தோழரைப் பார்க்கணும். விசாலாட்சி தோட்டத்துப் பையன், பதினாலு வயசில் புதுப்பேட்டையில் ஸ்பேனர் பிடித்தவர். அந்தக் காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பைக் பந்தயம் நடக்கும். இவர் எஞ்சினைப் பிரித்துப் பூட்டித் தருவார். ஓட்டுகிறவர்கள் பெரிய வீட்டுப் பிள்ளைகள். கறுப்புப் படிந்த கை ஒரு பக்கம், கோப்பை பிடிக்கிற கை இன்னொரு பக்கம். சாதி என்ற சொல்லே அங்கே யாரும் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் ராணுவம் கழித்துக் கட்டிய ஒரு புல்லட்டை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கினார். திருவொற்றியூர் வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து மெதுவா இறக்கி, அப்புறம் ஒரே உதை. தப்பா உதைச்சா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிடும். அதைக் கிளப்பிக்கொண்டு கபாலி கோயில் மாட வீதி நாலையும் சுற்றி, கச்சேரி ரோடு வழியா சாந்தோம் போய், கடற்கரைச் சாலையில் விடுவார். சைலன்சர் சத்தம் கேட்டு ஜன்னலைச் சாத்திய வீடுகளும் உண்டு. “சாத்தட்டும், நான் வந்தேன்னு தெரிஞ்சுதுல்ல” என்பார். கூலி வாங்கின கையோடு பாண்டிச்சேரி, திருவண்ணாமலை என்று கிளம்பிவிடுவார். எங்கே போறே என்று கேட்டால் பதில் வராது. சேரியில் பிறந்தவனுக்கு, காரணமில்லாமல் ஒரு ஊருக்குப் போவது சின்ன விஷயமில்லை.

முப்பத்தெட்டு வயதில், 1998இல், கல்யாணம். பெண் அருந்ததியர். இவர் பறையர். ரெண்டு வீட்டிலும் ஆள் வரவில்லை. உட்சாதி ஒழிப்பு பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசின நாம் மாலை எடுத்துக் கொடுத்தோம், போட்டோ பிடித்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் சமைத்தது, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடியது? அந்த அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவதற்குள் இவர் சோறு வடித்து, பெண்ணுக்குத் தலை பின்னி விட்டிருப்பார். ‘பொண்டாட்டிதாசன்’ என்று கேலி செய்தவர்கள் நம் அமைப்பிலேயே இருந்தார்கள். சாதி உயிரோடு இருப்பது அகமணத்தில் என்று 1916லேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். அப்படியானால் சாதியின் காவல் நிலையம் குடும்பம்தானே? அதற்குள் போய் வேறு மாதிரி வாழ்ந்த ஒருவரை, ஊர்வலத்துக்கு வரவில்லை என்பதால் ஒதுங்கிவிட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் குடிசையையும் எடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். படிப்பு நடுவில் இருக்கும்போதே. பெண்ணின் பள்ளிக்கூடம் மயிலாப்பூர், மனைவியின் வேலை மந்தைவெளி. பலபேர் பிள்ளைகள் அதோடு பள்ளியை விட்டார்கள். இவர் விடவில்லை. விடிகாலையில் அதே புல்லட்டில் பெண்ணை டேங்க் மேல் சாய்த்து, மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்புவார். ஒருவழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். மழை, வெயில், போலீஸ் அபராதம் எல்லாம் சேர்த்துதான். பாண்டிச்சேரிக்குப் பறந்த வண்டி, டிபன் பாக்ஸ் மாட்டிக்கொண்டு நாற்பதில் போயிற்று. அதை அவர் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. “இப்பத்தாண்டா ஒழுங்கா கியர் மாத்தறேன்” என்றார் ஒருமுறை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது அந்த வண்டியில்தான்.

இங்கே ஒரு யோசனை வந்தது, அந்த வண்டியை நம் படிப்பகத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தி வைக்கலாம் என்று. அந்த அம்மாவிடம் கேட்டேன். “எதுக்கு? பொண்ணு ஓட்டக் கத்துக்கிட்டா. ரெண்டு பேரும் வேலைக்குப் போக வேணும்” என்றார். நியாயம். கிளட்ச் ஒயர் அறுந்து ஒரு மாதமாக நிற்கிறது. பழைய மாடல் ஒயர் கிடைக்கிற கடை தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.