மறுத்துரைத்த தளபதி



2008-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் காலை. ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றுப் பாலத்தை அடுத்த தேநீர்க் கடையொன்றில் முன்னாள் படைவீரர் நால்வர் அமர்ந்திருந்தோம். பீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷா, நீலகிரியிலுள்ள வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் தமது 94-ஆம் வயதில் காலமானார் என்ற செய்தி வந்தது. நால்வரும் எழுந்து நின்றோம். எழுமாறு எங்களுக்கு எவரும் ஆணையிடவில்லை. கடைக்காரர், "அவர் உங்களுக்கு உறவா, ஐயா?" என்று வினவினார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இன்று உங்களிடம் கூறுகிறேன்.

அவர் அமிர்தசரசில் ஒரு பார்சிக் குடும்பத்தில் 1914-இல் பிறந்தவர். 1932-இல் டேராடூன் இராணுவக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது முதல் அணியில் சேர்ந்த நாற்பது மாணவருள் ஒருவர். பத்தாண்டுகளுக்குப் பின், பர்மாவில் சித்தாங் ஆற்றையொட்டி நடந்த போரில், இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. அவர் பிழையார் என்றெண்ணிய ஆங்கிலேயப் படைத்தலைவர், தம் மார்பிலிருந்த மிலிட்டரி கிராஸ் பட்டையைக் கழற்றி அவர் மார்பில் குத்தினார். இதை எல்லா நூல்களும் எழுதுகின்றன. நானோ சேர்சிங்கை எண்ணிப் பார்க்கிறேன். குண்டடிபட்ட அதிகாரியைச் சுமந்து சென்று மருத்துவரிடம் சேர்த்த சிப்பாய் அவர். பிற்காலத்தில் தளபதியாகி அவர் செய்தவற்றிற்கெல்லாம் அந்தச் சிப்பாயின் தோள் ஒரு காரணம் அன்றோ?

இனி 1971-க்கு வருகிறேன். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த காலம். ஏப்ரல் மாத இறுதியில் அமைச்சரவைக் கூட்டத்திற்குத் தளபதி அழைக்கப்பட்டார். உடனே படையெடுக்க இயலுமா என்பது வினா. இயலாது என்று பிரதமர் இந்திரா காந்தியிடமே கூறியதாக அவர் பின்னாளில் விவரித்தார். மழைக்காலம் நெருங்குகிறது, வங்கத்து ஆறுகள் கடல்போற் பெருகிவிடும், பனி உருகிய இமயக் கணவாய்களின் வழியே சீனர் வரக்கூடும், படைகளோ பல இடங்களில் சிதறியிருக்கின்றன, அறுவடைத் தானியத்திற்கு வேண்டிய இரயில் வண்டிகளையும் படையே எடுத்துக்கொள்ள நேரும். இவையே அவர் காட்டிய காரணங்கள். பதவி விலகவும் முன்வந்தாராம். இந்திரா அம்மையார் அவர் கேட்ட காலத்தை அளித்தார். கேட்டவருக்கும் அதிற் பங்கு உண்டு என்பதை நான் மறைக்க மாட்டேன்.

அக்காலத்தில் நான் வெலிங்டனில் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆன காலாட்படைச் சிப்பாய். டிசம்பரில் கிழக்கு எல்லையைக் கடந்தபோது, உலர்ந்த வயல் வரப்புகளின்மேல் நடந்தோம். அதே வயல்களில் ஜூலை மாதம் மார்பளவு நீரில் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கியவாறு நாங்கள் சென்றிருப்பின், எத்தனை பேர் திரும்பியிருப்போம்? டெல்லியில் ஓர் அறையில் அவர் சொன்ன 'இயலாது' என்னும் சொல்லால் உயிர் பிழைத்தவர்களுள் நானும் ஒருவனாக இருக்கலாம். அதுதான் உறவு.

டிசம்பர் 3-இல் மூண்ட போர் 16-இல் டாக்காவில் முடிந்தது. சரணடைந்தோர் ஏறத்தாழ 93,000 பேர். அவர்கள் 1974-க்குள் தாயகம் திரும்பினர். 1973 ஜனவரியில் அவருக்குப் பீல்டு மார்ஷல் பதவி வழங்கப்பட்டது. அம்மாதமே தளபதிப் பொறுப்பினின்று நீங்கிக் குன்னூரில் குடியேறினார்.

அவருடைய இறுதிச் சடங்கு இராணுவ மரியாதையுடன் நடைபெற்றது. ஆயினும் குடியரசுத் தலைவரோ, பிரதமரோ, முப்படைத் தளபதிகளோ வரவில்லை. மத்திய இணையமைச்சர் ஒருவர் வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை. எங்களுள் மூத்தவரான சுபேதார் ஒருவர் இதைக் கேட்டு மிகவும் சினந்தார். எனக்குச் சினத்தினும் வியப்பே மிகுதி. குன்னூருக்கு வழி தெரியாமலா போயிற்று?

சில திங்கள் கழித்து நான் உதகை சென்றேன். அங்குள்ள பார்சி இடுகாட்டில், 2001-இல் மறைந்த தம் மனைவியாரின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று வணக்கம் செலுத்தினேன்.