எழுபது வளைவும் ஒரு பழைய வண்டியும்



எட்டு வருடம் ஓடிய வெளிநாட்டுச் சொகுசு எஸ்.யு.வி. ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கினேன். பெயர் வேண்டாம். குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவையும் அலுக்காமல் ஏறியது. இறங்கும்போது, பாதி வழியில், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு! பின்சீட்டில் பிள்ளைகள். கியரைக் குறைத்து, மலைப் பக்கம் ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன். "நீங்க மெக்கானிக்கல்தானே படிச்சீங்க?" என்றாள் மனைவி.

கணக்கு சின்னதுதான். 2,200 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு. நான் டாப் கியரிலேயே இறங்கியதால் பெரும்பகுதி பிரேக்கின் தலையில். பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தைக் குடிக்கும். புது டாட்-4 ஆயில் 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறினால் 155-க்கே இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடலும் அமுங்கும்.

"ஆயில் எப்ப சார் மாத்துனீங்க?" என்றார் மெக்கானிக். வாங்கியதிலிருந்து மாற்றவேயில்லை. டிஸ்க், பேடு பில் என் ஒரு மாதச் சம்பளம். வண்டி விலைதான் பாதியாச்சு, பாகங்களுக்குப் புதுவண்டி விலைதான்.

இன்னும் விற்கவில்லை. இதுபோல வாங்க நினைக்கிற தம்பிகள் டீ வேளையில் வாங்க, பில் ஃபைலைக் காட்டுறேன்.