பதவி போனபின் பதுங்குகுழி



"வெற்றிக் கதை ஏதாவது சொல்லுப்பா" என்றார்கள். நான் கொண்டு வந்திருப்பதோ ஒரு தோல்விக் கதை.

1915-ல் சர்ச்சில் பிரிட்டனின் கடற்படை அமைச்சர். துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்தியைக் கப்பல்களை வைத்தே பிடித்துவிடலாம் என்று லண்டனில் உட்கார்ந்து வாதாடியவர். மார்ச் 18-ல் ஒரே நாளில் 3 போர்க்கப்பல்கள் மூழ்கின. பிறகு கலிப்போலியில் இறங்கிய தரைப்படையில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். மே மாதம் அந்தப் பதவி போயிற்று. நவம்பரில் அமைச்சரவையை விட்டே விலகி, போர்முனைக்குக் கிளம்பிவிட்டார்.

1916 ஜனவரியில், 41 வயதில், ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் 6-வது பட்டாலியனுக்கு லெப்டினன்ட் கர்னல். இடம், பெல்ஜியத்தில் பிளோக்ஸ்டீர்ட் கிராமம். லூஸ் சண்டையில் பாதி சிதைந்துபோன பட்டாலியன் அது. "இந்த அரசியல்வாதி நமக்கு எதுக்கு?" என்று முணுமுணுப்பு.

வந்தவர் முதலில் போர் தொடுத்தது ஜெர்மானியர் மேல் அல்ல, பேன் மேல்! சிப்பாய்களின் உடம்பை அரித்துக்கொண்டிருந்த பேனை ஒழிக்கத்தான் முதல் உத்தரவு. அடுத்து மணல் மூட்டை, மதில், கூரை. எத்தனை கனம் இருந்தால் குண்டு தாங்கும் என்று தானே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முணுமுணுத்தவர்களே பிரியமானார்கள்.

அதற்காக அவரை மகான் ஆக்க மாட்டேன். மே மாதமே அரசியலுக்குத் திரும்பிவிட்டார். பிரதமராகி, 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டபோது, மறுபடியும் லண்டன் மேசைக்குப் பின்னால்தான் இருந்தார். சேற்றில் நின்று கற்றது மேசைக்கு வந்ததும் மறந்துபோகும் போலிருக்கிறது!

தம்பி, தங்கைகளே, நாமும் மேசையில் கோடு போடுகிறவர்கள்தான். அந்தக் கோடு எங்கேயோ யாரோ ஒருவர் தலைக்கு மேல் கூரையாக நிற்கிறது. அதனால சைட்டுக்குப் போங்க. மேஸ்திரி சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க. தப்பு நடந்த பிறகு அல்ல, நடக்கிறதுக்கு முன்னாடியே. பதவி உயர்ந்த பிறகும் போங்க.