பிள்ளையின் சேட்டையா, உடம்பின் கோளாறா?



நம் பிள்ளைகளில் சிலர் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுவார்கள். சிலர் தோளைத் தூக்கிப் போடுவார்கள். வேறு சிலர் சளி இல்லாதபோதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பார்கள். நாம் என்ன செய்கிறோம்? “சேட்டை பண்ணாதே” என்று அதட்டுகிறோம். கண்ணேறு என்று திருநீறு போடுகிறோம். சில வேளைகளில் பிரம்பையும் எடுத்துவிடுகிறோம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக நின்றுவிடும். அப்படி நிற்காமல், பலவித அசைவுகளோடு தொண்டைச் சத்தமும் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்தால், மருத்துவர்கள் அதை டூரெட் நோய் என்பார்கள். 1885ஆம் ஆண்டில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட்டின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது.

நம் மூளையின் ஆழத்தில், வேண்டாத அசைவுகளைத் தடுத்து நிறுத்தும் ஒரு பகுதி இருக்கிறது. வாசலில் நிற்கும் காவல்காரர் போன்றது அது. அந்தக் காவல் சற்றுத் தளர்ந்தால், நாம் நினைக்காத அசைவும் சத்தமும் வெளியே வந்துவிடுகின்றன. தும்மல் வரும்போது கொஞ்ச நேரம் அடக்கலாம். முழுவதும் அடக்க முடியுமா? இதுவும் அப்படித்தான். ஆசிரியர் முன்னால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் அதிகமாகத் தோளைக் குலுக்கினால், அது நடிப்பாகாது.

இந்த நோய் உள்ளவர் வாழ்க்கையில் முன்னேற முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்காட்லாந்து நாட்டுப் பாடகர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் லூயிஸ் கபால்டி. 1996இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். தகப்பனார் மீன் வியாபாரி; தாயார் தாதி. பள்ளிப் பருவத்திலேயே சிறுசிறு மேடைகளில் பாடத் தொடங்கினார். ‘சம்வன் யூ லவ்ட்’ என்னும் அவருடைய பாடல் 2019ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது.

ஆனால் அவருடைய தோள் அடிக்கடி வெட்டி இழுத்தது. உடலை மெல்ல மெல்ல அழிக்கும் கொடிய வியாதியோ என்று அவர் பயந்துபோனார். மருத்துவர்கள் சோதித்து, டூரெட் நோய் என்றார்கள். 2022 செப்டம்பரில் அவரே அதை ஊரறியச் சொன்னார். வியாதியின் பெயர் தெரிந்ததும் அவருடைய பயம் குறைந்தது. மன அழுத்தம் வந்தால் அசைவுகள் வருகின்றன என்றும் அவர் சொன்னார்.

2023 பிப்ரவரியில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பாடிக்கொண்டிருந்தபோது, அசைவுகள் மிகுந்து அவரால் தொடர முடியவில்லை. கூட்டத்தினர் கேலி செய்தார்களா? இல்லை. விட்ட இடத்திலிருந்து அந்தப் பாட்டை அவர்களே பாடினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் அவருடைய குரலும் கைவிட்டது. பல்லாயிரம் பேர் சேர்ந்து அவருக்காகப் பாடி முடித்தார்கள். அதன்பின் அவர் மேடையை விட்டு விலகி, உடலையும் மனத்தையும் கவனித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், அதே விழா மேடைக்குத் திரும்பி வந்து பாடினார்.

நேயர்களே, அந்தக் கூட்டத்தினர் யாரும் மருத்துவர்கள் அல்லர். அவருடைய நோயை அவர்களால் தீர்க்கவும் முடியாது. ஆனால், அந்த நேரத்தில் அவர் வெட்கப்படாமல் நிற்பதற்குத் துணை செய்தார்கள். அதை நம் லயத்திலும் நம் பள்ளியிலும் நாமும் செய்யலாம்.

எப்படி? முதலாவதாக, அசையாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். சொல்லச் சொல்ல அது கூடும். அடித்தாலும் நிற்காது, பயம்தான் வளரும். இரண்டாவதாக, அண்ணன் தம்பிகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அதைப்போல் செய்து காட்டிச் சிரிப்பதைத் தடுத்துவிடுங்கள். மூன்றாவதாக, வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். நான்காவதாக, அரசாங்க மருந்தகத்துக்குப் பிள்ளையை அழைத்துச் சென்று காட்டுங்கள். சிலருக்கு நடத்தைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்கள். கோயிலுக்குப் போவது உங்கள் மனத்துக்கு ஆறுதல். அதோடு மருத்துவரையும் பார்க்கத்தான் வேண்டும்.

இது தொற்றுநோய் அன்று. காக்காய் வலிப்பும் அன்று. அறிவையும் இது குறைப்பதில்லை. பெரும்பாலும் பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் கடுமையாக இருந்து, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே, மிகவும் துன்பப்படும் அந்தச் சில ஆண்டுகளில் பிள்ளை படிப்பை வெறுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் கடமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனம் ஒன்றிச் செய்யும் வேலையில் ஈடுபடும்போது பலருக்கு இந்த அசைவு குறைகிறது. ஆகவே, உங்கள் பிள்ளைக்குப் பாட்டில் ஆசையா, உறுமி அடிப்பதில் ஆசையா, படம் வரைவதில் ஆசையா என்று பாருங்கள். தோள் குலுங்குகிறதே என்று திருவிழா மேடையிலிருந்து பிள்ளையை இறக்கிவிடாதீர்கள். தோள் குலுங்கினால் குலுங்கட்டும், பிள்ளை பாடட்டும்.